கொத்தனார் நாளைக்கு வாரார்

"நிறுத்துங்க! யாரும் சுவத்துல கை வைக்காதீங்க!"

கார் நிற்பதற்கு முன்பே துர்காதேவி குதித்துவிட்டாள். ஒரு செருப்பு வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. மற்றொன்றோடு நொண்டிக்கொண்டே ஓடிப்போய்க் கோயில் வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

கை வைக்க அங்கே யாரும் இல்லை. வேப்பமர நிழலில் நாலைந்து பேர் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன டைல்ஸ் பெட்டிகள்.

அதைப் பார்த்ததும் துர்காதேவி கைகளை இன்னும் அகல விரித்தாள்.

அவள் கல்வெட்டுப் படிக்கிறவள். மதுரையில் பழைய கோயில்களை ஆவணப்படுத்தும் மையம் ஒன்றில் வேலை. கோயில்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, மையத்தில் ஆள்தான் இல்லை. அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்தக் கோயிலுக்கு உடனடி ஆபத்தோ அங்கேதான் முதலில் போவது. உருப்படியாக நிற்கிற கோயில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். எத்தனை மனுப் போட்டாலும் விதி விதிதான்.

அந்த விதிப்படி ஓடியும் பல இடங்களில் அவள் பிந்திவிட்டாள். போன மாதம் ஓர் ஊரில் பாண்டியர் காலத்து எழுத்துகள் மேல் மெரூன் கலர் கிரானைட் ஒட்டி, பால் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அழுதுகொண்டே குடித்தாள்.

இந்த முறை விடக் கூடாது. "கொக்குமடை சிவன் கோயில்ல டைல்ஸ் ஒட்டப் போறாக" என்று யாரோ பெயர் சொல்லாமல் போன் போட்டதும், காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள்போல் போட்டோகிராபர் அனீஸை இழுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். பந்தல்குடி தாண்டி கரிசல் காட்டுக்குள் வண்டி ஆடிய ஆட்டத்தில் அனீஸின் கேமராப் பை மட்டும்தான் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது.

"வாங்க தாயி, யாரு நீங்க?" என்று எழுந்து வந்தார் உக்கிரபாண்டி. திருப்பணிக் கமிட்டித் தலைவர். மீசையைப் பார்த்தால் பயமாக இருக்கும், குரலைக் கேட்டால் பயம் போய்விடும்.

துர்காதேவி மூச்சு வாங்கச் சொன்னாள். "ஐயா, அந்தத் தெற்கு அடிச்சுவர் பூராவும் கல்வெட்டு. டைல்ஸ் ஒட்டுனா எல்லாம் போச்சு."

"எழுத்தெல்லாம் தேஞ்சுபோச்சு தாயி. டைல்ஸ் ஒட்டுனா பளபளன்னு இருக்கும். இந்தா, சாம்பிளப் பாருங்க."

பச்சை டைல்ஸ். நடுவில் ஒரு அன்னப்பறவை குளித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, இது பாத்ரூம் டைல்ஸ்!"

"ஆமா, தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. தெனம் அபிசேகம் நடக்கற எடம்ல?"

பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னாள். நல்ல நேரம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டுமாம்.

"எப்ப ஒட்டப் போறீங்க?"

"கொத்தனார் நாளைக்கு வாரார்."

கையெடுத்துக் கும்பிட்டாள். "இந்தத் தெற்குச் சுவரை மட்டுமாவது விட்டுருங்க. நான் இன்னைக்கே படி எடுத்துக்கறேன்."

உக்கிரபாண்டி மீசையைத் தடவி யோசித்தார். "சரி, வந்தது வந்துட்டீக. எடுத்துக்கோங்க."

கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டி, மேலே மையை ஒற்றி எடுத்தால் மைப்படி. கேட்க எளிது. கரிசல் காட்டு வெயிலில் தாள் ஒட்டுவதற்குள் காய்ந்து பறந்தது. ஆனால் ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். கேட்கும் முன்பே டிரம்மில் தண்ணீர் வந்தது. வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். கமிட்டியின் ஒரே பெண் உறுப்பினரான வெள்ளைத்தாய், எலுமிச்சம்பழச் சாதத்தையும் துவையலையும் வாளியோடு கொண்டுவந்து வைத்தார்.

"இவ்வளவு நல்லவங்க எப்படிக்கா இவ்வளவு மோசமா யோசிக்கிறாங்க?" என்றான் அனீஸ், சாதத்தை உருட்டிக்கொண்டே.

பொழுது சாயும்போது தெற்குச் சுவர் முடிந்தது. துர்காதேவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அப்பாடா!

"முடிஞ்சுதா தாயி?" என்று கேட்டார் உக்கிரபாண்டி. "அப்ப உங்க சொல்லுக்கு மரியாத கொடுத்து இந்தச் சுவர விட்டுர்றோம். இங்க ஒட்ட வேண்டியதையும் சேத்து வடக்குப் பக்கம் ரெட்டையா ஒட்டிருவோம்."

"வடக்குல எழுத்து இல்லையே?"

"எழுத்தா என்னன்னு யாருக்குத் தெரியும்? எண்ணெய்ப் பிசுக்குக்குள்ள கோழி கிண்டுன மாதிரி என்னமோ இருக்கு."

துர்காதேவி டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிசுக்கை நகத்தால் சுரண்டினாள். உள்ளே வரி வரியாக எழுத்து! தெற்குச் சுவரில் இருந்ததைவிட அதிகம்.

மறுநாள் விடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கொத்தனார் வந்துட்டாரா?"

"அவரு மச்சினன் வீட்டுல காதுகுத்து. நாளைக்கு வாரார்."

அந்த மச்சினன் குடும்பம் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வடக்குச் சுவரில் விழுந்தாள். ஆனால் இப்படி ஒவ்வொரு சுவராகக் கெஞ்சிக்கொண்டிருந்தால் எங்கே முடியும்? ஊரின் மனதையே மாற்ற வேண்டும். மத்தியானம் கமிட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள்.

"இந்தக் கல்லோட அருமை உங்களுக்குத் தெரியல. இதை அப்படியே வச்சிருந்தா வெளிநாட்டுலருந்தெல்லாம் பாக்க வருவாங்க."

வெள்ளைத்தாய் எழுந்துவிட்டார். ஒலிபெருக்கி வேண்டாத குரல் அவருக்கு. "வெள்ளக்காரக வாராகளா? ஏங்கண்ணே, அப்ப மண்டபத் தூணு கருகருன்னு இருக்கே! அசிங்கமா நெனைக்க மாட்டாகளா?"

"சில்வர் பெயிண்ட் அடிச்சிருவோம்" என்றார் உக்கிரபாண்டி. "தூணுல இருக்கற பொம்மைக்கு மட்டும் கலர் கலரா."

துர்காதேவி தலையில் கை வைத்தாள். தூண் சிற்பங்களை அவள் இன்னும் பார்க்கவே இல்லை. போய்ப் பார்த்தால், ஒரு தூணில் யாழ் வாசிக்கிறவள், இன்னொன்றில் யானையோடு மல்லுக்கட்டுகிறவன், எல்லாம் மூக்கு முழி சிதையாமல்! சாயங்காலத்துக்குள் அத்தனையையும் படம் பிடிக்கச் சொன்னாள். டைல்ஸ் ஒட்டுவதற்கு என்று கட்டியிருந்த சாரத்தில் ஏறி நின்று அனீஸ் சுட்டுத் தள்ளினான். மேல்விதானம் வரைக்கும் எட்டும்படி யாரோ சரியாகக் கட்டியிருந்தார்கள்.

அடுத்த நாள் கொத்தனாருக்குப் பல்வலி. வடக்குச் சுவர் முடிகிற நேரத்தில் கடைசி வரியைப் படித்த துர்காதேவிக்கு ஒரு யோசனை உதித்தது. அன்பாகச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள். பயமுறுத்தினால்?

"எல்லாரும் வாங்க! இங்க என்ன எழுதியிருக்கு தெரியுமா? இந்தத் தருமத்தை அழிச்சவன், கங்கைக் கரையில பசுவைக் கொன்ன பாவத்துல போவான்னு எழுதியிருக்கு!"

துர்காதேவி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

"ஆத்தீ!" என்று மார்பில் கை வைத்தார் வெள்ளைத்தாய். "புள்ளகுட்டி நடமாடற எடத்துல இப்படி ஒரு சாபமா?"

"அப்ப டைல்ஸ் ஒட்டி மறைச்சாப் பத்தாது" என்று உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "கல்லையே பேத்துற வேண்டியதுதான். கம்மாய் மடையில ஒரு கல்லு நிக்கி, அதுலயும் இதே கிறுக்கல். ஜேசிபிய வரச்சொல்லி அதத்தான் மொதல்ல பிடுங்கணும்."

"ஐயய்யோ! எந்த மடை?"

"வாங்க காட்டுறேன்."

கல்லைப் பிடுங்கப் போகிறவர் இவ்வளவு ஆசையாக முன்னே நடப்பாரா? நடந்தார். கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. மடைக்குப் போகும் தடம் மட்டும் முள் வெட்டிச் சுத்தமாக இருந்தது. ஜேசிபி வருவதற்கு வெட்டினார்களாம்.

மடைத் தூணின் முன்னால் போய் மண்டியிட்டாள் துர்காதேவி. முதல் வரியைப் படித்தாள். இரண்டாம் வரியை மறுபடியும் படித்தாள்.

"அனீஸ்... தெற்குச் சுவர்ல 'இம்மடை செய்வித்தாள்'னு வந்து, அதுக்கு அடுத்து பேரு உடைஞ்சு போயிருந்துச்சே?"

"ஆமாக்கா."

"அந்தப் பேரு இங்க இருக்குடா! சாத்தன் காளி. ராணியும் இல்ல, பெரிய எடத்துப் பொம்பளையும் இல்ல. இந்த ஊருல தயிர் வித்தவ. தயிர் வித்துச் சேத்ததுல இந்த ஊருக்கு மடை கட்டியிருக்கா!"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையினூடே சிரித்தாள். இத்தனை வருட வேலையில் அவள் கண்ட கல்வெட்டெல்லாம் ராஜா, படை, வரி, தண்டனை. தயிர்க்காரி ஒருத்தி கட்டிய மடை அவளுக்கு இதுதான் முதல். உக்கிரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தார். வெயிலாம்.

இதற்கு மேலும் விட்டுவைக்க முடியுமா? மறுநாள் காலை ஊரைக் கூட்டினாள். கொத்தனாரின் வண்டி பஞ்சராம், நல்லதாகப் போயிற்று. மண்டபத்தில், டைல்ஸ் பெட்டிகளுக்கு எதிரே நின்று பேசினாள். மையத்தில் எப்படிப் பேசுவாளோ அப்படி இல்லை, பொரிந்து தள்ளினாள்.

"உங்க ஊருத் தயிர்க்காரி கட்டுன மடையிலதான் உங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் தண்ணி பாய்ச்சுனாங்க! அவ பேரு மேல அன்னப்பறவைய ஒட்டுவீங்களா? ஒட்டுங்க! முதல்ல என்னை அந்தச் சுவத்தோட வச்சு ஒட்டுங்க!"

வெள்ளைத்தாய் விசும்பினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் விசும்பினார்கள்.

உக்கிரபாண்டி எழுந்து நின்றார். "போதும் தாயி. டைல்ஸ் வேண்டாம். பெயிண்டும் வேண்டாம், ஜேசிபியும் வேண்டாம். பெட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லி கடைக்காரருக்கு இப்பவே போனப் போடுறேன்."

வெள்ளைத்தாய் குலவை போட்டார். அது பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும். துர்காதேவிக்கு மாலை விழுந்தது, தலையில் பரிவட்டம் கட்டினார்கள், மேளக்காரர்கள் எங்கிருந்தோ தயாராக வந்து நின்றார்கள். மையத்திலிருந்தும் போன் வந்தது. கல்வெட்டு முழுவதும் புத்தகமாக வரும், மண்டபத்தின் ஒழுகும் கூரையையும் பழைய முறைப்படியே சரிசெய்ய ஆள் அனுப்புகிறார்கள். அதைச் சொன்னதும் மறுபடி ஒரு குலவை.

திரும்பும் வழியெல்லாம் துர்காதேவி பரிவட்டத்தைக் கழற்றவில்லை.

"பாத்தியா அனீஸ்? ஒரு ஊரையே மாத்திட்டேன். நான் பேசுனதுல டைல்ஸே திரும்பிப் போச்சு!"

"அந்த மீசைக்காரரையே அழ வச்சிட்டீங்களேக்கா. நீங்க எலெக்ஷன்ல நிக்கலாம்."

பந்தல்குடியில் டீ குடிக்க இறங்கினார்கள். கடை முன்னால் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதில் அதே பெட்டிகள். பக்கத்தில் நின்று டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தவர் அருப்புக்கோட்டை டைல்ஸ் கடை சாதிக் என்று வண்டியில் எழுதியிருந்ததை வைத்துத் தெரிந்துகொண்டாள். திருப்பி எடுத்ததற்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள், போன் அடித்தது.

பெயர் சொல்லாத குரல். மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு பெருமாள் கோயிலாம். சுவர் முழுக்க எழுத்தாம். நாளைக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறார்களாம்.

"அனீஸ்! வண்டிய எடு! இன்னொரு கோயிலு! நாளைக்குக் கொத்தனார் வாராராம்!" டம்ளரை வைத்துவிட்டு, பரிவட்டம் நழுவ நழுவக் காரை நோக்கி ஓடினாள்.

சாதிக் நிதானமாகக் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, ஒரு பெட்டியை ஒற்றை விரலில் தூக்கி இன்னொன்றின் மேல் போட்டார்.

"பதறாதீக மேடம், இருந்து டீயக் குடிங்க. நல்லா இருக்கற கோயிலுக்கு நீங்க வர மாட்டீகன்னு மல்லாங்கிணறுக்காரகளும் இந்தக் காலிப் பெட்டியத்தான் கேட்டிருக்காக. நான் போயி எறக்குனதுக்கு அப்புறம் வாங்க."