வலது அக்குள் முடிந்தது, இடது பாக்கி

இயேசு மரி சூசை துணை

வல்லம்,
வியாழன்.

அன்பு மைத்துனர் அருள்பிரகாஷ் அவர்களுக்கு, மிக்கேல்ராஜ் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காள் ஃபிளோராவும் சுகம். அதாவது, அவள் சுகம். கும்பகோணத்தில் உங்கள் வீட்டார் நலமென நம்புகிறேன்.

வருகிற திருவிழாத் திருப்பலியில் என் இடத்தில் நின்று பாடற்குழுவை நீங்கள் நடத்தித் தரவேண்டும். பதினெட்டு வருடமாக நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடம். காரணம் என் அக்குள். போன வருடம் 'உன்னதங்களிலே' பாட்டைத் தொடங்க இரண்டு கையையும் தூக்கியதும், வெளிர்நீலச் சட்டையில் ஈரம் இடுப்புவரை இறங்கியதை நேரலையில் ஊரே பார்த்தது. துபாயிலிருந்து என் தங்கை மகன், "மாமாவுக்கு மேல மட்டும் ஓடு ஒழுகுதா?" என்று எழுதினான். நாற்பத்தேழு பேர் அதற்கு லைக் போட்டார்கள். பங்குச்சாமியாரும் ஒருவர்.

ஆகவே தஞ்சாவூரில் டாக்டர் ஸ்ம்ருதியிடம் போனேன். பக்கத்துக்குப் பதினைந்து ஊசி, ஏழெட்டு மாதம் வேர்க்காது என்றார். வலிக்குமே என்றேன். மரத்துப்போக ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, ஒரு மணி நேரம் முன்னால் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அசையாமல் இருக்கச் சொன்னார். கிளினிக்கில் உட்கார்ந்தே தடவியிருக்கலாம். நேரம் மிச்சமாகட்டுமே என்று இன்று வீட்டிலேயே தடவிக்கொண்டு ஃபிளோராவோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். கைகளை உடம்போடு இறுக்கிக்கொண்டு நின்ற என்னைக் கண்டக்டர் விடவில்லை. "பெரியவரே, மேல கம்பியப் புடிங்க! விழுந்து வச்சா நான்ல பதில் சொல்லணும்!" பிடித்தேன். தாள் கழன்று, களிம்பு வேர்வையோடு கீழே இறங்கிவிட்டது. கிளினிக்கில் இறங்கும்போது இடுப்பைக் கிள்ளினாலும் எனக்குத் தெரியவில்லை. அக்குளில் ஈ உட்கார்ந்தாலும் தெரிந்தது.

டாக்டர் கோபிக்கவில்லை. நர்ஸ் கமருன்னிஸா குத்தும் இடத்தில் ஐஸை வைத்து அழுத்த, அது விறைத்ததும் டாக்டர் குத்தினார். எறும்புக்கடி அளவுதான், பொய் சொல்லக்கூடாது. வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் தொடங்கும்போது, "பாட்டு மாஸ்டராமே, பாடுங்க சார், வலி தெரியாது" என்றார் கமருன்னிஸா. பாடினேன். அந்தப் பெண்ணும் கூடவே முனகினார், அங்கேதான் கெட்டது. இரண்டாம் வரியில் தாளத்தை இழுத்துவிட்டார். தாளம் இழுத்தால் என் கை என்னைக் கேட்காது. அது இறங்கிய வேகத்தில் டாக்டரின் முழங்கையில் பட்டு, சிரிஞ்சு தரையில் விழுந்து மருந்தெல்லாம் போயிற்று.

"அடுத்த தடவ வாயத் தொறக்காம இருங்க சார்" என்றார் டாக்டர்.

"இதத்தானே டாக்டர் நான் இருவது வருஷமா சொல்றேன்" என்றாள் ஃபிளோரா.

இனி மருந்து திருவிழா முடிந்துதான் வருமாம். பாதி காய்ந்த மனிதனாகப் பீடத்தருகே நிற்க எனக்குத் தைரியமில்லை. உங்களை விட்டால் ஆளில்லை. மறுத்தால் பென்டிரைவில்தான் பாட்டு ஓடும். நான் பின்வரிசையில் இருந்துகொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர். தேவதாய் உங்கள் வீட்டைக் கைவிடாதிருக்கட்டும்.

உங்கள் மச்சான்,
மிக்கேல்ராஜ்

பி.கு.: இதைத் தபாலில் போட ஆறு நாளாக மனம் வரவில்லை. இன்று காலை வலது அக்குள் உலர்ந்துவிட்டது. கண்ணாடி முன்னால் ஒரு பாட்டு முழுக்கக் கையைத் தூக்கி நின்று பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. நானே நடத்துகிறேன், இடது கை பேண்ட் பையில் இருக்கும். வலப்பக்கம் நிற்கும் பெண்களுக்கு வலது கை போதும். இடப்பக்கம் நிற்கும் ஆண்கள், வருடாவருடம் திருவிழாவுக்கு வந்து பாடும் உங்களையும் சேர்த்து, இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் என் கையைப் பார்த்ததில்லை.