மேலாளர் வீட்டு வெள்ளரி

வாயில் போட்ட வெள்ளரித் துண்டைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் குமாஸ்தாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பங்கொழுந்து தோற்றுப்போகும் கசப்பு ஒன்று நாக்கில் தொடங்கிக் காதுவரை ஏறியது.

"எப்படி இருக்கு? நம்ம மாடியில காய்ச்சது. மருந்து கிடையாது, மாயம் கிடையாது."

வெள்ளரித் தட்டுக்கு அடியில் குமாஸ்தாவின் இடமாற்ற மனு இருந்தது. அதன் ஓரத்தில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"சர்க்கரை சார்," என்றார்.

குமாஸ்தாவின் மனைவிக்குத் துறைமுக ஊரில் பள்ளிக்கூட வேலை. மகளும் அங்கேதான். இவர் மட்டும் இங்கே ஒரு வாடகை அறையில் தானே சமைத்து, தானே தின்று, தானே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். போன தடவை ஊருக்குப் போனபோது கதவைத் திறந்த மகள், "அம்மா, போன் அப்பா வந்திருக்கார்," என்று உள்ளே குரல் கொடுத்தாள். அன்றைக்குப் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

துறைமுகக் கிளை யாரும் கேட்டு வாங்கிப் போகிற இடமும் இல்லை. உப்புக் காற்றில் நாற்காலிக் கால்கூடத் துருப்பிடித்து ஒடியும் என்பார்கள். ஊரே வேண்டாம் என்கிற எலும்பைக் கேட்டால் தூக்கிப் போட மாட்டார்களா என்று நினைத்து மனுப் போட்டார். அது மேலாளரின் மேசையைவிட்டு நகரவே இல்லை. ஆளைக் குளிர வைத்தால்தான் காரியம் ஆகும் என்று முடிவு கட்டினார் மனிதர்.

'சர்க்கரை'க்குப் பலன் மறுநாளே கிடைத்தது. ஒரு பை நிறைய வெள்ளரிக்காய். அலுவலகத்தில் ஒருவருக்குச் சளி, இன்னொருவருக்குப் பல்வலி, மற்றொருவர் விரதம். மொத்தமும் குமாஸ்தா தலையில் விடிந்தது.

அறைக்குக் கொண்டுபோய் வீட்டுக்காரரின் ஆட்டுக்கு ஒன்றை நீட்டினார். பழைய செருப்பைக்கூட மென்று பார்க்கிற ஜென்மம் அது. முகர்ந்தது, தும்மியது, திரும்பிப் படுத்துக்கொண்டது. அதற்கென்ன, இடமாற்றமா வேண்டும்.

ஒரு வாரம் கழித்து மேலாளர் காயெல்லாம் தீர்ந்ததா என்று விசாரித்தார். தீர்ந்தது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. பத்தவே இல்லை என்று சொல்லிவிட்டார். மேலாளருக்குக் கண் பனித்துவிட்டது. அடுத்த நாள் காகிதக் கோப்பைகளில் நாற்றுகளும், அரைமணி நேரம் உரத்தைப் பற்றிய உபதேசமும் வந்து சேர்ந்தன.

நாற்றுகளை ஜன்னலோரம் வாடவிட்டுவிட்டு, நட்டாச்சு, நன்றாக வருகிறது என்று தினமும் அளந்துகொண்டிருந்தார். ஒருநாள் மேலாளர், காய் பிடித்ததும் தானே நேரில் வந்து பார்க்கப்போவதாக அறிவித்தார். பிறகென்ன, அலறியடித்துக்கொண்டு பழைய பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி, வாடியதில் உயிர் மிஞ்சிய நாற்றுகளை நட்டு, வீட்டுக்காரரின் மொட்டை மாடியில் ஏற்றினார். தண்ணீர் சொட்டுகிறது என்று வீட்டுக்காரர் கத்தினார். அவர் வாயை அடைக்க, மாடிப்படியைத் தினமும் தானே கழுவுவதாக ஒப்புக்கொண்டார். மனு போட்ட மனிதர் கடைசியில் துடைப்பமும் பிடித்தார்.

ஆனால் கொடி அவரை ஏமாற்றவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நேற்று எட்டாத கயிற்றை இன்று சுருட்டிப் பிடித்திருக்கும். மஞ்சள் பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் அளவில் ஒரு பிஞ்சு தெரிந்த அன்று, அவர் பல் துலக்கக்கூட மறந்துபோய் அங்கேயே நின்றார். மகளிடம் போனில் சொன்னார். அதுவரை 'ம்', 'சரி' என்றே பேசியவள், அன்றிலிருந்து தானே அழைத்து, "இன்னிக்கு எவ்வளவு பெரிசுப்பா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

முதலில் பறித்த ஒன்றைக் கடித்துப் பார்த்தார். கசக்கவில்லை. குளிர்ந்த தண்ணீரும் லேசான இனிப்புமாகத் தொண்டையில் இறங்கியது. தன் கையால் ஒன்று விளைந்திருக்கிறது, அதைத் தின்னத் தன் வீட்டார் ஒருவரும் பக்கத்தில் இல்லை என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்தது. கொடியில் இன்னும் ஒன்றுதான் முற்றியிருந்தது. வார இறுதியில் அதை மகளிடம் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்தார்.

ஊருக்குப் புறப்படவிருந்த காலையில் மேலாளர் வந்து இறங்கினார். கொடியைச் சுற்றி வந்தார். குமாஸ்தா தடுப்பதற்குள் அந்த ஒரே காயைத் திருகிப் பறித்துக் கடித்தார். ஒரு வாய், இரண்டு வாய். காம்புவரை தின்று முடித்துவிட்டு ஆனந்தமாக உதட்டைத் துடைத்தார்.

"பார்த்தீங்களா, என் விதை. அதே ருசி."

குமாஸ்தா காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டுத் தன் மனுவைப் பற்றிக் கேட்டார்.

"அதெல்லாம் ஞாபகம் இருக்கு. முதல்ல ஆபீஸ் மாடி முழுக்க வெள்ளரி போடுறோம். நீங்கதான் பொறுப்பு. அப்புறம் பேசுவோம்," என்று சொல்லிவிட்டு மேலாளர் கொடிகளைப் படம் எடுக்கப் போனார்.

மேலாளரின் டிரைவர் எரு மூட்டையைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார். அதுவும் அன்பளிப்புதான். மூட்டையை இறக்கிவிட்டு, ஏன் முகம் செத்துப்போயிருக்கிறது என்று கேட்டார்.

"துறைமுகக் கிளைக்குப் போகணும்ண்ணே. பொண்டாட்டி, பிள்ளை அங்க இருக்காங்க. அந்த ஒண்ணுக்காகத்தான் இவ்வளவு கசப்பையும் முழுங்கினேன். இன்னும் என்னதான் பண்ணணும்?"

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேலாளர் தூரத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இனிக்குதுன்னு சொன்னவரை அய்யா எப்படி சார் விடுவார்? கசக்குதுன்னு சொன்னவங்களைத்தான் தூக்கி அங்க போடுவார். இப்ப அந்தக் கிளையில இருக்கிற அத்தனை பேரும் அப்படிப் போனவங்கதான்."