அலாரம் அன்ரி பேச்சு வாங்கிய நாள்

ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதித் தீயணைப்பு வீரர்களுக்குச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானித்த ஒரே மனுஷி எங்கள் பக்கத்து வீட்டு அலாரம் அன்ரிதான். நான் மிகைப்படுத்துவதாக அம்மா சொல்வாள். சனிக்கிழமையும் வேலைக்குப் போனவளுக்கு என்ன தெரியும்?

யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் ஆன்ட்டி, அன்ரி ஆகிவிடும். அன்ரிக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கத் தொடங்கினால் கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்தும். அலாரம் கத்தினால் அன்ரி அதைவிட உரக்கக் கத்துவார். "சும்மா இரு பாப்பம்! நெருப்பில்லை, மிளகாய்!" என்று அதற்குத் தமிழில் விளக்குவார். அது கேட்கிற ஜாதி இல்லை. கடைசியில் குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை எடுத்து அதன் தலையில் மாட்டிவிட்டார். வாடகை வீட்டைப் பார்வையிட வந்த ஏஜென்ட் அண்ணாந்து பார்த்து இது என்ன என்று கேட்டான். அதற்குக் குளிருமே என்கிற மாதிரி "கோல்ட், நோ?" என்றார் அன்ரி.

தொப்பியைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அடுத்த சனிக்கிழமையே தீயணைப்பு வண்டியும் வந்தது. தலைக்கவசமும் பூட்ஸுமாக நாலு தடியர்கள் உள்ளே ஓடினார்கள். ஓடியவர்கள் வெகுநேரம் வெளியே வரவில்லை. தெருவே வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருக்க, கண் சிவந்து, மூக்கு ஒழுக, ஆளுக்கொரு மீன் ரோல்ஸோடு வந்தார்கள். அதற்கடுத்த முறை வந்தபோது தண்ணீர்க் குழாயை வண்டியிலிருந்து இறக்கக்கூட இல்லை.

அன்ரி தனி ஆள். வறுப்பது மட்டும் ஒரு பட்டாளத்துக்கு. தம்பி லண்டனில், தங்கச்சிமார் டொராண்டோவிலும் பாரிசிலும். எல்லோர் வீட்டுக் கறிக்கும் தூள் ஆக்லாந்திலிருந்துதான் போகும். "நாங்கள் ஒண்டாய் இருந்து சாப்பிட்டு எத்தினை வருசம்! கறியெண்டாலும் ஒண்டாய் இருக்கட்டும்" என்பார்.

லண்டனும் பாரிசும் ருசித்துச் சாப்பிட்டதில் அடிபட்டவள் நான். எங்கள் துணிக்கொடி அன்ரி வீட்டு வேலியை ஒட்டி இருந்தது. சனிக்கிழமை துவைத்துப் போட்ட என் பள்ளி ஜெர்சி, திங்கட்கிழமை வகுப்புக்குள் எனக்கு முன்னால் நுழையும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மத்தியானம் பெஞ்சில் என் இரண்டு பக்கமும் காலியாக இருக்கும். நாங்கள் திருச்சியிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியும் எனக்கென்று ஒரு சிநேகிதி கிடையாது. ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் பையை வீசி எறிந்துவிட்டு, இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன்.

அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா? உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

அன்ரி முகம் வெளிறிவிட்டது. "பேசவோ? ஓம்... வாங்கோ."

எங்கள் திருச்சிப் பக்கத்தில் பேசுவது என்றால் பேசுவதுதான். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயர் கதைப்பது. அங்கே ஒருவரைப் பேசுவது என்றால் திட்டுவது. ஆக, பக்கத்து வீட்டுக்காரி முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு திட்ட வருகிறாள் என்று அன்ரி முடிவு கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனால் மேசையில் இடமில்லை. நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், புட்டு, சொதி, ரோல்ஸ். வந்த விஷயத்தை அடியோடு மறந்துவிட்டு அம்மா நண்டுக் காலோடு மல்லுக்கட்டினாள். திருச்சிக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சாப்பிட்டு முடித்ததும் அன்ரி பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சரி தங்கச்சி. இனிப் பேசுங்கோ."

"என்னக்கா, வந்ததுலேர்ந்து பேசிட்டுதானே இருக்கோம்!"

"இல்லை, இது கதைச்சது. நீங்கள் பேசவெல்லோ வந்தனீங்கள்? பேசிப்போட்டுப் போங்கோ. நான் ஒண்டும் திருப்பிச் சொல்லமாட்டன்."

"ஐயோ, பேசத்தான்க்கா வந்தேன். அதான் பேசியாச்சே!"

"எப்ப பேசினனீங்கள்? எனக்குக் கேக்கேல்லையே!"

அம்மாவுக்கு மெல்ல உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். "தமிழ்ப் படமெல்லாம் பாப்பீங்கதானே? அதுல பேசுறாங்கன்னா திட்டுறாங்கன்னா அர்த்தம்?"

"படத்திலை பேசுறது வேறை, தங்கச்சி. வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்துப் பேசுறது வேறை."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஜெர்சி நாறுகிறது, யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை என்று ஆங்கிலத்தில் கத்தினேன். சிரிப்பு நின்றது.

அன்ரி என் முன்னால் வந்து குந்தினார். "ஒருத்தருமோ?"

"யாருமே."

அவர் யோசித்தார். தூள் வறுப்பதை நிறுத்திவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"பிழை என்னிலைதான் பிள்ளை. மணத்தை மட்டும் அனுப்பிப்போட்டுச் சாப்பாட்டை அனுப்பாமல் விட்டால், ஆருக்குத்தான் கோவம் வராது?"

என்னோடு பள்ளிக்கு ரோல்ஸ் கொடுத்தனுப்புவதென்றும், வறுப்பதற்கு முன் வேலியருகே வந்து "உடுப்பை எடுங்கோ! வறுக்கப்போறன்!" என்று குரல் கொடுப்பதென்றும் அன்று முடிவானது. இன்றும் அன்ரி அதே வீட்டில் வறுக்கிறார். அந்தக் குரல் கேட்டால், தமிழ் ஒரு சொல் தெரியாத எதிர் வீட்டு சமோவாக்காரரும் கொடிக்கு ஓடுகிறார்.

திங்கட்கிழமை ஒரு டப்பா நிறைய ரோல்ஸ் கொண்டுபோனேன். வகுப்பே என்னைச் சூழ்ந்துகொண்டது என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. பொத்திய மூக்குகள் பொத்தியபடியே இருந்தன. ஒருத்தி மட்டும் எழுந்து வந்தாள். டோங்காக்காரி, பெயர் மேலே. தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்வது? என் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவை முகர்ந்தாள். உன் ஜெர்சியில் இருப்பது இதுதானா, அதுதான் நீ என்னைத் தாண்டிப் போனாலே எனக்குப் பசிக்கிறது என்றாள். எனக்கு ஒன்றை வைத்துவிட்டு மிச்சத்தை முடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவளை நேரே அன்ரி வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

"ஆர் இந்தப் பிள்ளை?"

"மேலே."

அன்ரி அண்ணாந்து பார்த்தார். "மேலை ஒண்டையும் காணேல்லையே."

"இவ பேருதான் மேலே, அன்ரி. என் ஃப்ரெண்டு."

அந்த வார்த்தையை இந்த ஊரில் நான் முதன்முதலாகச் சொன்னேன். அன்ரி எங்கள் இருவரையும் மேசையில் இருத்தி, தட்டு நிறையப் புட்டு வைத்தார். பிறகு அகப்பையோடு பின்வாசலுக்கு ஓடினார்.

"தங்கச்சி! ஓடி வாங்கோ, தங்கச்சி!"

அம்மா பதறியடித்துக்கொண்டு வந்தாள். அன்ரி கன்னமெல்லாம் கண்ணீராக, அகப்பையால் எங்களைக் காட்டினார்.

"பாருங்கோ. ரெண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை இருக்கினம்."

என் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்ததற்காக அப்படி அழுத மனுஷி, இந்த உலகத்தில் எனக்கு அன்ரி ஒருத்தர்தான்.