தலைவலி மாஸ்டரின் இரண்டு பைகள்

திருப்பூரில் பனியன் துணியை எல்லோரும் உடம்பில் போட்டார்கள். தலையில் போட்டவர் எங்கள் தலைவலி மாஸ்டர் ஒருவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலை நான் பார்த்த கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். வாரம் ஒருமுறையாவது ஒற்றைத் தலைவலி வந்துவிடும். உடனே வெட்டி மிஞ்சிய துணியைக் கிழித்துத் தலையை இறுக்கிக் கட்டிக்கொள்வார். வெள்ளைத் துணி என்றால் வலி சுமார், பேசலாம். நீலம் என்றால் தள்ளி நின்று பேசலாம். சிவப்பு என்றால் முதலாளியே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறுவார்.

சட்டையில் இரண்டு பை வைத்துத் தைத்திருந்தார். இடது பையில் வாந்தி மாத்திரை, வலது பையில் வலி மாத்திரை. இரண்டும் டாக்டர் எழுதிக் கொடுத்தவை. வரிசை மாறக் கூடாது.

“முதல்ல வாந்தியை உக்கார வெக்கோணுமுங்க அம்மிணி. இல்லாட்டி வலி மாத்திரை வயித்தை எட்டிப் பாத்துப்போட்டு வெளிய வந்துருமுங்க.”

எனக்கும் அதே வியாதி. அதனால் என்னிடம் மட்டும் இப்படிப் பேசுவார். நான் தலையை ஆட்டுவேன். வலிக்கிற நாளில் அதுவும் இல்லை.

புதிதாக வந்த மேனேஜர் சென்ட் பூசிக்கொண்டு வருவார்.

“ஏனுங்க, நாளைக்கு வெறும் சோப்புப் போட்டுக் குளிச்சுப்போட்டு வாங்க. நீங்க கேட்டுல வரும்போதே எனக்கு நெத்தி தெறிக்குதுங்க” என்று இருபது பேர் முன்னால் சொல்லிவிட்டார் மாஸ்டர். மேனேஜர் அதை மறக்கவில்லை.

ஷிப்மெண்ட் நெருங்கிய ஒரு நாள் எனக்கு வலி வந்தது. ட்யூப் லைட்டைப் பார்த்தாலே குமட்டியது. அந்த மாதம் இரண்டு தடவை பாதியில் வீட்டுக்குப் போயிருந்தேன். இன்னொரு தடவை போனால் திரும்பி வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

மாஸ்டர் பார்த்துவிட்டார். இடது பையில் ஒன்று, வலது பையில் ஒன்று, அவ்வளவுதான் இருந்தது. முதல் மாத்திரையைத் தந்து, கட்டிங் டேபிளுக்கு அடியில் என்னைப் படுக்கவைத்து, நான்கு பக்கமும் துணியைத் தொங்கவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதையும் நீட்டினார்.

“உங்களுக்குங்க?”

“இன்னைக்கு வராதுங்க. ஷிப்மெண்ட் அவசரமுன்னு என் தலைக்குத் தெரியுமுங்க.”

அது தெரியாத தலை. ஒரு மணி நேரத்தில் அவருக்கும் வலி வந்து, பார்வையில் பாதி மறைந்து, மீதியில் மின்னல் ஓடியிருக்கிறது. சாக்பீஸ் கோடு தெரியாமல், குழந்தைப் பனியனுக்கு அடுக்கி வைத்த துணி முழுவதிலும் கழுத்தை அகலமாக வெட்டிவிட்டார். அந்தப் பனியனைக் குழந்தைக்குப் போட்டால் தோளில் நிற்காது. நேராக இடுப்புக்கு வந்து பாவாடையாகிவிடும்.

மேனேஜர் ஓடி வந்தார். “யோவ், குடிச்சுட்டு வந்தியா?”

“இல்லீங்க. தலைவலிங்க.”

“பையில எப்பவும் மாத்திரை வச்சிருப்பியே, அது எங்க?”

“தின்னு பாத்தனுங்க. கேக்கலீங்க.”

மாத்திரை நன்றாகவே கேட்டிருந்தது. டேபிளுக்கு அடியில் எனக்கு வலியும் இல்லை, வாந்தியும் இல்லை. எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூச்சம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது கூச்சம் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

அந்த நிமிடமே அவரை வெளியே போகச் சொன்னார்கள். போகும்முன் குனிந்து துணியை விலக்கினார்.

“கண்ணத் தொறக்காதீங்க அம்மிணி. இன்னுங் கொஞ்சம் படுத்திருங்க.”

படுத்திருந்தேன். என்னைப் பெற்றவர்கூட என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.