யானை பார்க்கப் போன இரண்டு தலையணைகள்

இரண்டு தலையணை வைத்துப் படுக்கும் பழக்கமுள்ள ஆண்கள், கலியாணம் முடியும்வரை அதை வெளியில் காட்டாமல் இருப்பது நல்லது. எனக்கு இதைச் சொல்லித்தர ஒருத்தரும் இருக்கவில்லை.

அப்போது நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வயது இருபத்தாறு, தலைக்கனம் அறுபது. வெள்ளைக்காரக் கடற்படை எங்கள் ஊர்த் துறைமுகத்தை விட்டுப் போனபோது கழித்துவிட்ட ஒரு இரட்டைக்குழல் தொலைநோக்கியைக் கிண்ணியா வியாபாரி ஒருவரிடம் வாங்கி வைத்திருந்தேன். (ஒரு கண்ணுக்குத்தான் தெரியும். மற்றதில் பூஞ்சணம்.) கூடவே ஒரு கட்டுப் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள். காருக்குள் தனியே படுத்து, காட்டு மிருகம் பார்த்து, மலைப்பாதையில் ஓடித் திரியும் துரைமாரின் படங்களைப் பார்த்துப் பார்த்து, நானும் ஒருமுறை அப்படிப் போகாவிட்டால் பிறந்ததே வீண் என்று முடிவுகட்டினேன்.

அதற்குள் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பெண்ணுக்கு ஊர் கிளிவெட்டி, பெயர் புவனேஸ்வரி, வயல்காரக் குடும்பம். பெண் பார்க்கப் போன அன்று தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை நேரே ஒரு பார்வை பார்த்தாள். அதோடு நான் விழுந்துபோனேன். சுவரில் மாலை போட்ட ஒரு இளந்தாரியின் படம் இருந்தது. மூத்த மகன், தவறிப்போனார் என்றார்கள். எப்படி என்று நான் கேட்கவில்லை. அவளைப் பார்க்கவே எனக்கு நேரம் போதவில்லை.

அந்த வருடங்களில் சனி ஞாயிறு லீவு கிடையாது. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமி என்று வரும் போயா நாள்தான் லீவு, அதற்கு முதல்நாள் அரைநாள். அந்த ஒன்றரை நாளுக்கு அண்ணரின் பழைய காரைக் கேட்டேன்.

"ஆரோட போறாய்?"

"தனிய."

"விசரோ உனக்கு?" என்றபடியே கார்த் திறப்பைத் தந்தார்.

மச்சாள், அதாவது அண்ணரின் மனைவி, ஒரு பாயும் ஒரு தலையணையும் புட்டுப் பார்சலும் கட்டித் தந்தா. பின் சீற்றுக்கு முன்னால் ஒரு பள்ளம்; படுத்தால் முழங்கால் அதற்குள் போய்விடும். அதை அடைப்பதற்காக, அவவுக்குத் தெரியாமல் அலுமாரிக்குள் இருந்த இன்னொரு தலையணையையும் எடுத்துப் போட்டேன். பூப்போட்ட உறை, சுற்றிவர ரேந்தைப் பின்னல். என் தலையெழுத்து அந்த ரேந்தையில்தான் எழுதியிருந்தது.

வழியில் கந்தளாயில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தினால், எதிரே புவனேஸ்வரியின் தாய்மாமன். எங்கள் கலியாணத்தை முன்னின்று பேசியவர். மாடு வாங்க வந்திருந்தார்.

"எங்க தம்பி பயணம்?"

"யானை பார்க்க, மாமா."

"ஆரோட?"

"தனியத்தான். இரவைக்குக் காருக்குள்ள படுக்கை."

அவர் குனிந்து பின் சீற்றைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். தலையணைகளைப் பார்த்தார். ஜன்னலுக்குள் கையை விட்டு ரேந்தையைத் தடவினார்.

"யானை பார்க்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

கிளிவெட்டிக்கு யானை தானே தேடி வரும். வேளாண்மை விளையும் காலத்தில் வயல் காவல் பரணில் கிடந்து தகரம் தட்டிக் கலைக்கிற சனம் அது. அந்த மனிதரிடம் போய், பெற்றோல் அடித்து யானை பார்க்கப் போகிறேன் என்று பல்லைக் காட்டுகிறேன். கந்தோர் அலுவல் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தேத்தண்ணியும் வாங்கித் தந்து அனுப்பியிருப்பார்.

பயணம் விளங்கின மாதிரித்தான். ஹபரணைக் காட்டோரம் பற்றைக்குள் ஒரு யானையைக் கண்டுபிடித்து, மூச்சை அடக்கி அரைமணித்தியாலம் ஒற்றைக்கண்ணால் ரசித்தேன். எழும்பி நடந்தபோது அது எருமை. திரும்பிப் பார்த்தால் புட்டுப் பார்சலைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. மறுநாள் மாத்தளைக்கு மேலே ரத்தோட்டை மலைப்பாதை. வளைவுக்கு வளைவு ரேடியேற்றர் கொதித்தது. காரை நிறுத்தி இறங்கினால் ஒரே பனிப்புகார். மலை அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை புவனேஸ்வரியின் தகப்பனார் மாமனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"யானை கண்டனீங்களோ?"

"இல்லை."

"மலை?"

"புகார். ஒண்டும் தெரியேல்லை."

"உங்களை ஆரும் கண்டவையோ?"

"குரங்குதான்," என்றேன். அண்ணர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மாமன் மச்சாளிடம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் எத்தினை தலகணி குடுத்தனீங்கள்?"

மச்சாளுக்குப் பொய் வராது. "ஒண்டு," என்றா.

தகப்பனார் எழும்பினார். "எங்கட வீட்டில பெண்ணெடுக்கிறவர் யானை பார்க்கப் போனவரெண்டா ஆர் தம்பி நம்புவினம்? வேற கதை சொல்லியிருக்கலாம்."

கலியாணம் குழம்பியது. கோயில் கோயிலாகச் சத்தியம் பண்ணத் தயார் என்று அவளுக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத குற்றத்துக்கு, அதுவும் முழங்காலுக்கு வைத்த தலையணைக்கு, இப்படி ஒரு தண்டனையா? குளிக்கிற சாட்டில் கிணற்றடியில் நின்று அழுதேன்.

ஏழு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் அவள், இடுப்பில் ஒரு பிள்ளையோடு. அத்தனை வருடமும் வாய்க்குள் வைத்திருந்ததைக் கொட்டினேன்.

"நான் ஒரு பொம்பிளையோடயும் போகேல்லை."

"தெரியும்," என்றாள். "தனியத்தான் போனனீங்கள். நான் அண்டைக்கே நம்பினனான்."

"பிறகேன்?"

"சுவரில ஒரு படம் இருந்ததல்லோ? எங்கட அண்ணா. வயல் காவலுக்குப் போன இடத்தில யானை அடிச்சுச் செத்தவர்." பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "பொம்பிளையோட போயிருந்தா சண்டை பிடிச்சுப்போட்டு மன்னிச்சிருப்பன். யானையை ரசிச்சுப் பார்க்கப் போற மனுசரோட ஏலாதெண்டு நான்தான் அப்பாவுக்குச் சொன்னனான்."

அவளுடைய துண்டு நம்பரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

இன்றைக்கும் நான் எங்காவது புறப்பட்டால், "தலகணி ஒண்டோ, ரெண்டோ?" என்பாள் என் மனைவி. மச்சாள் அந்தக் கதையைக் கலியாண வீடுகளில் நடித்தே காட்டுவா, ரேந்தையைத் தடவுகிற இடம் உட்பட. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானும் கூடச் சிரிப்பேன். ஆஸ்பத்திரியில் கேட்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. படத்தில் இருந்த அந்தப் பெடியனின் பெயரைக்கூட நான் இன்னும் கேட்டறியவில்லை.