சம்பந்தி அம்மாள் நீலமான விவரம்

ராயபுரம்,
6-12-1934

பெரம்பூர் மகாராஜராஜஸ்ரீ பொன்னுரங்க நாயகர் அவர்கள் சமூகத்துக்கு, ராயபுரம் சாயப்பட்டறை வரதன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் சுகம். அவ்விடம் தாங்களும் தங்கள் குமாரர் சிரஞ்சீவி எத்திராஜும் சுகமென்றே நம்புகிறேன். தங்கள் சம்சாரம் பவுனம்மாள் அவர்களின் நிறம் எவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு வரி எழுதக் கோருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் நீலாவைப் பெண் பார்க்கத் தாங்கள் வந்தபோது நடந்ததற்குச் செய்வினைதான் காரணமென்று அம்மாள் பெரம்பூர் முழுக்கச் சொல்லிவருவதாகக் கேள்வி. அது செய்வினை அல்ல, சைபன். விவரமாவது: அன்று நான் நீலச் சாயத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குழாயில் மாட்டிய ரப்பர் குழாயின் மறுமுனை சாயத்துக்குள் முழுகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கள் ஜட்கா வாசலில் வந்து நிற்கவே, போட்டது போட்டபடி நான் ஓடிவந்தேன். அதே நேரம் பக்கத்துத் தெரு வைக்கோல் கிடங்கில் தீப்பிடித்து, நெருப்பணைக்கும் மோட்டார் வந்து தெருக்குழாயிலிருந்த தண்ணீரையெல்லாம் இழுக்க, வெறுமையான தெருக்குழாய் எங்கள் வீட்டுக் குழாயை உறிஞ்ச, வீட்டுக் குழாய் ரப்பர் குழாயை உறிஞ்ச, ரப்பர் குழாய் தொட்டியை உறிஞ்சிவிட்டது. தண்ணீர் போன வழியே சாயம் திரும்பி ஏறிவிட்டது. நெருப்பு அணைந்து தண்ணீர் மறுபடி வேகமாக வந்த சமயம், அம்மாள் முகங்கழுவ எங்கள் இருட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்தார்கள்.

இந்தச் சாயத்தின் குணம் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தொட்டியில் வெளிறிய பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டபிறகுதான் நீலமாகும். ஆகையால் அம்மாள் நல்ல நிறமாகவே வந்து உட்கார்ந்தார்கள். பஜ்ஜி வந்தபோது காதுமடல் நீலமாயிற்று, காபி வந்தபோது கழுத்து. நானும் என் சம்சாரம் ராஜாத்தியும் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம், எப்படிச் சொல்வது? நீலா வந்து விழுந்து கும்பிட, ஆசீர்வாதம் செய்யத் தூக்கிய கையை அம்மாளே பார்த்துவிட்டார்கள்.

"இன்னாய்யா இது! பொண்ணு பேரு நீலான்னு சொல்லிட்டு, என்னெ நீலமாக்கி வுட்டுக்கீறீங்களே!"

"கொஞ்சம் பொறுங்கம்மா, போயிடும்," என்றேன்.

"எப்போ போவும்?"

வாழ்நாளெல்லாம் "போகவே போகாது" என்று சொல்லித்தான் கைலி விற்றிருக்கிறேன். 

தாங்கள் சம்பந்தமே வேண்டாமென்று வண்டியேறிவிட்டீர்கள். ஏற்கெனவே பெண் பார்க்க வந்தவர்கள், எங்கள் வீட்டில் சாய நாற்றம் என்று போய்விட்டார்கள். இது நிறத்தால் போயிற்று. ராஜாத்தி எனக்குச் சோற்றுத் தட்டைச் சத்தமாக வைக்கிறாள். நானும் மனசு கேட்காமல், துறைமுகத்தில் குழாய் மாட்டும் பிட்டர் லியோனார்டை அழைத்துவந்தேன். தன்னைவிட்டால் மெட்ராஸில் குழாய் வேலைக்கு ஆளில்லை என்பது அவர் கருத்து.

"இதுக்கு ஆன்டி-சைபன் வால்வு போடணும் மேன்," என்றார். "தண்ணி தள்ளிக்கினு வர்றப்போ உள்ளாற கீற தட்டு மேலே ஏறி காத்து ஓட்டைய மூடிக்கும். தண்ணி நின்னு குழா உறிஞ்ச ஆரம்பிச்சா, தட்டு தொப்புன்னு கீழே வுழுந்து ஓட்டை தெறந்துக்கும். அப்புறம் குழாய்க்கு காத்துதான் கெடைக்கும், சாயம் கெடைக்காது. ஓட்டை வுழுந்த பப்பாளிக் குழல்ல மோர் உறிஞ்சிப் பாரு, இன்னா வரும்?"

மில்லில் ஊறல் தொட்டிகளுக்கும், ஆஸ்பத்திரியில் கழுவுகிற தொட்டிகளுக்கும்கூட இதுதானாம். துறைமுகத்து லாஞ்சுப் படகுகளில் இது இல்லாவிட்டால், எஞ்சினை நிறுத்தியதும் கடலே குழாய் வழியாக ஏறி உள்ளே வந்து குந்திக்கொள்ளுமாம். தொட்டி விளிம்புக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வால்வைப் பொருத்தியாயிற்று; நீலாதான் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தாள். இனி இந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தப்பான இடத்துக்குப் போகாதென்று லியோனார்ட் தன் தாயார்மேல் சத்தியம் செய்திருக்கிறார். ஆகவே தாங்கள் கோபம் தணிந்து இன்னொரு முறை குடும்பத்தோடு வரவேண்டும்.

சிரஞ்சீவி எத்திராஜுக்கு என் ஆசீர்வாதம். அம்மாளுக்கு, சற்றுத் தூரத்திலிருந்தே, என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகப் பிரியப்படும்
வரதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தங்கள் வீட்டு அம்மாளே வந்து இறங்கிவிட்டார்கள். என்னைத் திட்டத்தான் வந்தது. பட்டறைக்குள் நுழைந்து முதல் வசவை எடுத்ததும், வால்வின் காற்று ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு அவர்களைத் தலையோடு நனைத்துவிட்டது. நான் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். நீலா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மெயின் குழாயை மூடி, வால்வின் மூடியைத் திருகிக் கழற்றி, தட்டை ஏறவிடாமல் லியோனார்ட் உள்ளே விட்டுப்போன சணல் நாரை இழுத்தெறிந்து, திரும்பப் பூட்டித் தண்ணீரைத் திறந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே, "எம் புள்ளக்கி ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. அவுங்கப்பனுக்கு அடிச்ச ஆணிய புடுங்கத் தெரியாது. இந்தப் பொண்ணுதான் எங்க வூட்டுக்கு வோணும்," என்றார்கள். "ஆணி அடிக்க நான் கத்துக் குடுக்கிறேன் அத்தே," என்றாள் நீலா. தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தாயிற்று. நாயகரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். தாங்கள் சம்மதித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆகையால் இந்தக் கடிதத்தைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை.