அண்ணா, படகை அனுப்பிவிடாதீர்கள்

என்றும் மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். ஹாஸ்டலில் மகளும் சுகமாக இருப்பதாக, பேச நேரமில்லாத அவசரத்தில் சொல்கிறாள். அங்கே உங்கள் சுகம், அண்ணியின் இடுப்புவலி, உங்கள் ஆறு லாரிகளின் ஆரோக்கியம் எல்லாம் அறிய ஆவல்.

நேற்று போனில் நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒரு பழைய படகு வாங்க ஏழு மாசமா? உனக்கு மாப்பிள்ளை பார்க்கவே நமக்கு மூணு வாரம்தான் ஆச்சு. வெள்ளிக்கிழமை புதுப் படகு ஒண்ணு லாரில வருது. மாப்பிள்ளையை வீட்ல இருக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் "வேண்டாம்" என்று சொன்னதில் "வே" மட்டும்தான் உங்கள் காதில் விழுந்திருக்கும். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்து அறையிலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம். அண்ணா, தயவுசெய்து அந்தப் படகை அனுப்பாதீர்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். காலேஜில் படிக்கும்போது ஒரு புத்தக அலமாரி கேட்டேன் என்று நாலு அலமாரி இறக்கியவர் நீங்கள். தங்கைக்காக நாலு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை அருகிலிருந்து பார்த்ததில்லை. கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில், விளக்கெரியும் வெள்ளைத் திரைக்கு எதிரே உட்கார்ந்து, முன்னால் வரிசையாக நகர்ந்து போகும் பாட்டில்களில் கீறல், குமிழி, கோணல் எது இருந்தாலும் அதைத் தட்டி எடுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருஷம் அதைச் செய்தார். போன வருஷம் அந்த நாற்காலியில் ஒரு கேமராவை உட்கார வைத்துவிட்டு, இவருக்கு ஒரு சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் எங்கள் டம்ளர்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினெட்டில் ஐந்து தேறியது. அதோடு பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. பேச்சும் நின்றுபோயிற்று. "போதுமா?" என்றால் ஒரு தலையாட்டல். "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாலும் அதே தலையாட்டல்தான். பாதி நாள் வயிறு நிறைந்தவருக்குப் போட்டும், பசித்தவருக்குப் போடாமலும் விட்டிருக்கிறேன். அதே மாதம்தான் மகளும் ஹாஸ்டலுக்குப் போனாள். எனக்கென்ன, எனக்குக் காலேஜ் நூலகத்தில் வேலை இருக்கிறது. அங்கே பேசக்கூடாது என்பதே சட்டம். அவரைப் பற்றித்தான் கவலை.

ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் டாக்டர், "எதிலாவது மனசைத் திருப்புங்க சார். மீன் பிடிக்கப் போங்களேன்" என்றார். அவர் தலைக்குப் பின்னால் மீன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. யானை படம் தொங்கியிருந்தால் என் கதி என்ன என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உப்பங்கழி இருக்கிறது, அண்ணா. மைல் கணக்கில் தண்ணீர், ஆனால் முழங்காலுக்கு மேல் ஆழமில்லை. மீன்கள் அங்கேதான் மேய வருகின்றன. அதற்குப் பெரிய படகு ஆகாது. அடி தட்டையாக, அகலமாக, எழுந்து நின்றால் கவிழாமல், சேற்றில் சிக்கினால் இரண்டு பேர் இறங்கித் தள்ளினால் நகர்கிற மாதிரி சின்னதாக வேண்டும். முதல் படகு பழசாக இருப்பதே நல்லது, கற்றுக்கொள்ளும்போது எங்கேயாவது இடிப்பீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். பழைய படகு என்றால் என்ன? பத்திருபது குறைகளை ஒன்றாகச் சேர்த்து மேலே பெயின்ட் அடித்தது. குறை பார்த்தே பிழைத்த மனுஷனை அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

முதல் படகு, படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவுடையது. பச்சை நிறம், தட்டையான அடி. அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை என்பதால் விற்கிறார். இவர் தரைப்பலகையை அங்குலம் அங்குலமாக விரல்முட்டியால் தட்டிக் கேட்டார். மோட்டார் மாட்டுகிற பின்பலகையை வீட்டுச் சாவியால் குத்திப் பார்த்தார். டார்ச்சோடு அடியில் படுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து நோட்டில் ஏழு குறை எழுதினார். இடது துடுப்பு வளையம் தளர்வு. பெயின்ட் இரண்டு வகைப் பச்சை. ஏழாவது, உட்காரும் பலகையில் கீறல். குமாஸ்தா எட்டிப் பார்த்து, "சார், அது கீறல் இல்ல, என் வீட்டுக்காரி பேரு. கல்யாணமான புதுசுல நான்தான் செதுக்கினேன்" என்றார். "பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா கீறல் கீறல்தானே?" என்றார் இவர். வாங்கவில்லை. ஆனால் அன்று போகும்போது பஸ் ஏறியதிலிருந்து திரும்பி வீடு வரும் வரைக்கும் எங்களுக்குள் பேச்சு ஓயவில்லை. யார் ஆரம்பித்தது என்று நினைவில்லை. அவராகத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஒரு டயர் கடைக்காரருடையது. கடைக்குள்ளேயே இரண்டு முக்காலி மேல் ஏற்றி வைத்திருந்தார். இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணிக் குழாய் இருக்கா?" என்றார். கழுவத்தான் கேட்கிறார் என்று அந்த மனிதரும் குழாயை நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இவர் படகுக்குள் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்துவிட்டார். "என்னங்க இது?" என்றேன். "பாட்டில் ஒழுகுதான்னு எப்படிப் பார்ப்போம்? உள்ள ஊத்தித்தானே?" என்றார். படித்தவள் நான், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. விளிம்பு வரைக்கும் நிரம்பியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அப்போது ஒரு முக்காலி மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாதது போல, மடங்கி உட்கார்ந்தது. அதற்கப்புறம் நடந்தது எல்லாம் தண்ணீர்தான் அண்ணா. கடைக்காரர் டீயோடு திரும்பி வருகிறார், எதிரே அவருடைய டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்கு ஊர்வலம் வருகின்றன. "சார், வெளிய இருக்கற தண்ணி உள்ள வரக்கூடாது, அதுக்குப் பேருதான் படகு. நீங்க என்னடான்னா உள்ளயே குளம் கட்டி வச்சிருக்கீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் இவரும் டயர் உருட்டிக் கொண்டுவந்து சேர்க்க மத்தியானம் ஆகிவிட்டது. நோட்டில் இவர் எழுதியது: "கசிவு இல்லை. முக்காலி பலவீனம்."

மூன்றாவது படகின் சொந்தக்காரர், "ஒரு சாண் தண்ணி போதும் சார், பனி விழுந்தாக்கூட மிதக்கும்" என்றார். ஓட்டியே காட்டுகிறேன் என்று காலையில் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது கழியில் நீர் ஏற்றம். பத்தரை மணிக்கு நீர் இறங்கியது. படகுக்கு அடியில் நடுவே கத்தி மாதிரி ஒரு கட்டை இருக்கிறது என்பது சேற்றில் அது இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று பேர் இறங்கித் தள்ளினோம். படகு நகரவில்லை, என் செருப்பு ஒன்று மட்டும் நிரந்தரமாக உள்ளே போயிற்று. சொந்தக்காரர் கரைக்கு நடந்து போய்க் கயிறு கொண்டு வருகிறேன் என்று போனார். நீர் திரும்ப ஏறும் வரைக்கும் நாலு மணி நேரம் அவர் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும், ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். எஞ்சிய கொஞ்சம் தண்ணீரில் மீன்கள் எங்களைச் சுற்றித் துள்ளின. இவர் தானாகவே பேச ஆரம்பித்தார். "ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் பாட்டில் பார்ப்பேன். இத்தனை வருஷத்துல ஒரே ஒரு பாட்டிலைத்தான் குறை தெரிஞ்சே விட்டிருக்கேன். கழுத்துல ஒரு குமிழி. அழகா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார். "எப்ப?" என்றேன். "நம்ம கல்யாணம் முடிஞ்சு வேலைக்குப் போன முதல் நாள்" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இந்த மனுஷன் இதை எங்கே வைத்திருந்தார்? நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயிறு வராமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

அங்கேதான் அண்ணா, எனக்கு ஒரு பயம் வந்தது. படகு வாங்கிவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் என்ன ஆகும்? இதற்குள் படகுத்துறையில் அவருக்குப் "பூதக்கண்ணாடி" என்று பெயர் விழுந்துவிட்டது. பழைய படகு வாங்க வருகிறவர்கள் எல்லாம், "பூதக்கண்ணாடி என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். அந்த நோட்டால் பச்சைப் படகு இன்னும் விற்காமல் கிடக்கிறது. குமாஸ்தா எங்களைக் கண்டால் டிக்கெட்டைக் கிழித்து முகத்தைப் பார்க்காமல் நீட்டுகிறார். ஆனால் இவர் நிமிர்ந்து நடக்கிறார். போதுமா என்றால் "போதும்" என்கிறார், வாயைத் திறந்து.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். போன மாதம் ஒன்பதாவது படகு. நல்ல அகலம், இறகு மாதிரி எடை. கழியில் இறக்கி இருவரும் ஏறி உட்கார்ந்தோம். நோட்டில், "குறை ஏதும் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார். வாங்கிவிடுவார் போலிருந்தது. எழுந்து நின்றேன். "என்னங்க, ரொம்ப ஆடுதே!" என்று சொல்லிக்கொண்டே இரண்டு காலாலும் மாற்றி மாற்றி அழுத்தி ஆட்டினேன். இந்த வயதில், இந்த உடம்பில், கொஞ்சம் நன்றாகவே ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. நான் இடதுபக்கம், அவர் வலதுபக்கம். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடி ஒருவரையொருவர் பார்த்தோம். நோட்டை மட்டும் நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அண்ணா, அவர் சிரித்தார். கழுத்து நரம்பு தெரியச் சிரித்தார். பிறகு உட்கார்ந்தபடியே, குறை தெரியவில்லை என்பதை அடித்துவிட்டு, "ஆட்டம் அதிகம்" என்று எழுதினார்.

நீங்கள் அனுப்பும் படகு புத்தம் புதுசு. அதில் ஒரு குறையும் இருக்காது. அது வாசலில் இறங்கினால், திரும்பவும் அவர் ஜன்னலோரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் கேட்கிறேன், அனுப்ப வேண்டாம். எங்களுக்குப் படகு வேண்டியதில்லை. படகு பார்த்துக்கொண்டிருப்பதே போதும்.

அண்ணிக்கு என் அன்பு. அவரைக் கனமான எதையும் தூக்க விடாதீர்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு என்றும் வேண்டும், லாரியில் ஏற்றாமல் வெறுங்கையோடு அனுப்பினாலே போதும். டிரைவருக்கு என் நன்றி, வராமல் இருக்கப்போவதற்காக.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள தங்கை

பி.கு.: அண்ணா, நேற்று நான் கவர் வாங்கக் கடைக்குப் போன பத்து நிமிஷத்தில், மேஜை மேல் வைத்திருந்த இந்தக் கடிதத்தை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டார். வாசலிலேயே நின்றுவிட்டேன். "ஒன்பதாவது படகு ஆடல. நீதான் ஆட்டின" என்றார். "தெரிஞ்சுமா அப்படி எழுதினீங்க?" என்றேன். "முதல் படகுலயும் பெருசா ஒரு குறையும் இல்ல. வாங்கிடலாம்னுதான் இருந்தேன். பொண்ணு போனதிலிருந்து நீ நின்னுக்கிட்டே சாப்பிடற, தலையாட்டினாக்கூட என்னன்னு கேக்கறதில்ல. அன்னிக்குப் படகு பார்க்கப் போறப்பவே பஸ்ல ஏறினதிலிருந்து இறங்கற வரைக்கும் நீ வாய் மூடல. சரி, இன்னும் நாலு படகு பார்ப்போம்னு ஏழு குறை எழுதினேன்" என்றார். அப்படியென்றால் ஏழு மாதமாக யார் யாரைக் குணப்படுத்திக்கொண்டிருந்தது என்று எனக்கு இப்போது விளங்கவில்லை. இன்று காலையில் படகுத்துறைக்குப் போய் வந்துவிட்டோம். நோட்டில் முதல் பக்கத்து ஏழு குறையையும் அடித்து, கீழே "தெரிந்தே விட்டது" என்று எழுதிக் குமாஸ்தாவிடம் காட்டினார். அந்த மனிதர் முழங்கால் மடங்காதது மறந்து எழுந்து நின்றார். ஆகவே வெள்ளிக்கிழமை லாரியை அவசியம் அனுப்புங்கள், காலியாக. பச்சைப் படகை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் இருக்கமாட்டார், நானும்தான். பேர் செதுக்கிய பலகையை உரசிவிடாமல் ஏற்றச் சொல்ல இரண்டு பேரும் துறையில் நிற்போம்.